பூட்டு

பூட்டு வேணும் என்று கூட்டத்தில் சொன்னது நான்தான்.
மறைக்க மாட்டேன்.
ஓடைக்காட்டு நாலாம் வீதியில்
தெருக்குழாயின் பித்தளைத் திருகைக்கூடக் கழற்றிப்
பழைய இரும்புக்குப் போட்ட ஆட்கள் உண்டு.
வீட்டுக்கு இருநூறு, கம்பெனிக்கு ரெண்டாயிரம் என்று
எட்டு மாசம் படியேறி வாங்கிய பெட்டி.
வெளியில் தொங்கவிட்டால்
விடியும்போது ஆணிதான் இருக்கும் என்றேன்.
எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதனால் அது சென்னியப்பன் பேக்கரிக்குள்ளே
தேங்காய் பன் தட்டுக்கு மேலே ஏறியது.
ஒரு பச்சை விளக்கு, விட்டுவிட்டு மினுங்கும்.
நின்ன நெஞ்சைக் கரண்டு வெச்சு எழுப்புமாமுங்க என்று
டீக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்வார் அவர்.

பயிற்சிக்கு வந்த நர்ஸம்மா
ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி
பாவம் பார்க்காம அமுத்துங்க என்றார்.
பதினோரு பேர் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தோம்.
பெட்டிக்குள் ஒரு கத்தரி, ஒரு துண்டு, ஒரு சவரக்கத்தி.
இதெதுக்குங்க?
நெஞ்சுமுடி இருந்தா பட்டை ஒட்டாது.
அடுத்த மாசம் திறந்தால் சவரக்கத்தியைக் காணோம்.
சென்னியப்பன் தாடை மழமழவென்று இருந்தது.

கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு.
ராத்திரி ஒன்றே முக்காலுக்கு விட்டார்கள்.
எங்களை வீட்டில் சேர்க்கும் வேன் கேட்டில்தான் நின்றது.
ஆரன் மட்டும் விடாமல் அலறியது.
மாடியிலிருந்து யாரோ வைதார்கள்.
எட்டிப் பார்த்தால்
ஸ்டியரிங் மேல் நாச்சிமுத்துவின் தலை.

இழுத்துத் தரையில் போட்டோம்.
கரையில் எறிந்த கெளுத்திபோல்
எப்போதோ ஒருமுறை வாய் திறந்தது.
அது மூச்சில்லை என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.
ரத்னாவதி நூற்றெட்டுக்கு அடித்தாள்.
கட்டிங் செக்‌ஷன் ஜதின், ஒடிசாப் பையன்,
செருப்பை விட்டுவிட்டுப் பெட்டிக்கு ஓடினான்.
நான் அமுத்தினேன்.
சட்டையில் பட்டன் தெறித்தாற்போல்
உள்ளே ஒரு எலும்பு ஒடிந்தது.
நிறுத்தவில்லை.

பேக்கரி சாத்தியிருந்தது.
சாவி மூணாம் வீதியில், சென்னியப்பன் தலைமாட்டில்.
போன் சமையலறையில், சார்ஜில்.
ஜதின் கதவைத் தட்டிய தட்டு
இங்கே என் முட்டிக்குக் கேட்டது.
மணிக்கு இத்தனை பீஸ் என்றே
இருபது வருசம் நேரத்தை எண்ணியவள் நான்.
அன்றைக்குத்தான் தெரிந்தது,
நாலு நிமிஷம் எவ்வளவு நீளத் துணி என்று.

வீதி முனையில் ஷட்டர் உருண்டது.

அவர் போட்டிருந்தது எங்கள் கம்பெனி ரிஜெக்ட் டீசர்ட்.
தோள் தையல் என்னுடையதாகவே இருக்கலாம்.
கழுத்திலிருந்து வயிறு வரை
ஒரே இழுப்பில் கிழித்தேன்.
பெட்டி இங்கிலீஷில் பேசியது.
ஜதின் அதைத் தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினான்:
தொடாத அக்கா, யாரும் தொடாத!
நாச்சிமுத்து ஒருதரம் தூக்கிப்போட்டார்.
மறுபடியும் அமுத்தச் சொன்னது.
அமுத்தினேன்.

கோயமுத்தூரில் பதினெட்டு நாள்.
திரும்பி வந்துவிட்டார்.
தும்மினா இன்னும் வலிக்குதுங்க, ஒடச்சுப்புட்டீங்க என்பார்.
ஆனால் அந்த ஒரு மாசம் அவரிடம் இல்லை.
மகள் சீருக்கு யார்யார் வந்தார்கள் என்று
ஆல்பத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொள்கிறார்.
அந்தத் தாமதத்தாலா என்று டாக்டரிடம் கேட்டேன்.
அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார்.
அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.
வெல்டிங் பட்டறைக்காரரை நானே கூட்டிவந்தேன்.
பேக்கரிக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில்,
மழைக்கு ஒரு தகரக் கூரை.
கதவு உண்டு. கொண்டி இல்லை.

மாசத்தின் முதல் ஞாயிறு நான்தான் திறந்து பார்க்கிறேன்.
விளக்கு பச்சை. பட்டை புதுசு. துண்டு இருக்கிறது.
பதினான்கு மாசத்தில் எதுவும் களவு போகவில்லை,
சவரக்கத்தியைத் தவிர.
இந்த முறை ரெண்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.